அஸ்டெக் சாமத்திய வீடு

உலக வரலாற்றில் மூன்று பெரும் நாகரிகங்கள் ஒரே கூரையின் கீழ் கைகோத்த நாள் எது என்று கேட்டால் அறிஞர்கள் தலையைச் சொறிவார்கள். நான் சொறிய மாட்டேன். 2004ஆம் ஆண்டு பங்குனி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. இடம், டோர்ட்மண்டில் ஒரு துருக்கிக்காரரின் கலியாண மண்டபம். நேரம், அழைப்பிதழின்படி முற்பகல் பதினொரு மணி. உண்மையின்படி பிற்பகல் இரண்டரை. அன்றுதான் அஸ்டெக், மிக்ஸ்டெக், யாழ்ப்பாணம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. கூட்டி வைத்தவர் என் நண்பர் தியாகராசா. அதை ஒலிவாங்கியில் உலகுக்கு அறிவித்தவன் நான்.

என்னைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கங்களில் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்கிறேன். பெயர் செல்வராசா. கிழமை நாட்களில் ஒரு குளிர்களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். சனி ஞாயிறுகளில் இந்தப் பிரதேசத்தின் "மூத்த விழா அறிவிப்பாளர்". இதுவரை நூற்றுப் பதினேழு சாமத்திய வீடுகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையான செய்தி நான்கு சுவருக்குள் அமுங்கிப் போகாமல், எட்டு ஒலிபெருக்கி வழியாக எழுநூறு பேரின் காதில் போய் விழுந்ததென்றால் அதில் என் தொண்டைக்கும் ஒரு பங்கு உண்டு. இதில் சிரிக்க எதுவுமில்லை.

முன்பெல்லாம் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து, சேலை உடுத்தி, ஆராத்தி எடுத்து, வந்தவர்களுக்குச் சோறு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பின்தங்கிய காலம். ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் நாங்கள் முன்னேறினோம். முதலில் பல்லக்கு வந்தது. பிறகு குதிரை வண்டி வந்தது. வுப்பர்டாலில் ஒரு குதிரை மண்டபத்துக்குள் செய்யக்கூடாததைச் செய்ததால் அன்னப்பட்சி வந்தது. கடைசியாக ஞானப்பிரகாசம் தன் மகளை ஒரு தாமரைப் பூவுக்குள் இருத்தி, கூரையில் இருந்து இயந்திரம் வைத்து இறக்கினார். தாமரை பாதி வழியில் நின்றுவிட்டது. பிள்ளை நாற்பது நிமிடம் அந்தரத்தில் இருந்தாள். சனம் அதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது. நானும் "விண்ணவர் வாழ்த்துகிறார்கள்" என்று அறிவித்துச் சமாளித்தேன்.

அதற்கு மேல் என்ன செய்வது என்பதுதான் தியாகராசாவின் நித்திரையைக் கெடுத்த கேள்வி. அவருடைய ஒரே மகள் தேனுஜா விழாவுக்கு முந்தின ஐப்பசியில் பெரியபிள்ளையாகியிருந்தாள்.

பதில் பான் நகரத்தில் இருந்தது. தியாகராசா வேலை செய்யும் பெட்டித் தொழிற்சாலை வருடத்துக்கு ஒரு முறை வேலையாட்களைச் சுற்றுலா கூட்டிப்போகும். அந்த வருடம் பானில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே அஸ்டெக், மிக்ஸ்டெக் மக்களின் சடங்குப் பொருட்களும் ஆபரணங்களும் காட்சிக்கு இருந்தன. தியாகராசா போனது கோப்பிக்கும் கேக்குக்கும். ஆனால் வழியில் தங்கத்தைக் கண்டார். தங்கத்தைக் கண்டு நிற்காமல் போக யாழ்ப்பாணத்தானுக்குக் கால் வராது. சின்னச் சின்ன மணி தொங்கும் ஒரு பொன் பதக்கத்துக்கு முன்னால் நின்று, அது எத்தனை பவுண் வரும் என்று காவலாளியிடம் கேட்டார். காவலாளி அது விலைமதிக்க முடியாதது என்றார். "செய்கூலி சேத்தோ?" என்று தியாகராசா கேட்டார். காவலாளி அடுத்த அறைக்கு நகர்ந்தார்.

பிறகு நீலப்பச்சைக் கல்லைப் பொடிப்பொடியாக ஒட்டிச் செய்த முகமூடிகளைப் பார்த்தார். இரண்டு தலைப் பாம்பைப் பார்த்தார். இறகுக் கிரீடத்தைப் பார்த்தார். படிப்படியாக உயர்ந்துபோகும் கோயிலின் மாதிரி உருவத்தைப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் நெஞ்சில் கையை வைத்தாராம். வாசலில் மூன்று கிலோ நிறையுள்ள படப்புத்தகத்தை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார். கேக் சாப்பிடவில்லை.

விழா ஏற்பாட்டுக் குழுவின் முதலாவது கூட்டம் தியாகராசா வீட்டுச் சோபாவில் நடைபெற்றது. சமூகமளித்தோர்: தியாகராசா, அவர் மனைவி குணேஸ்வரி, வுப்பர்டாலில் இருந்து வந்து "மணவறை, வீடியோ, சகலமும்" செய்து தரும் யூட்சன், அடியேன். சமூகமளிக்காதோர்: எவருமில்லை. சமூகமளித்தும் கணக்கில் எடுக்கப்படாதவர்: விழா நாயகி தேனுஜா, வயது பதின்மூன்று.

இந்த இடத்தில் தேனுஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வயதில் இருந்து அந்த வீட்டின் வெளிநாட்டு அமைச்சர் அவள். வரும் கடிதம் எல்லாவற்றையும் அவள்தான் வாசிப்பாள். அன்ட்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் எல்லாவற்றையும் அவள்தான் நிரப்புவாள். தாய்க்கு எந்தப் பல் நோகிறது என்று பல்வைத்தியருக்குச் சொன்னவளும் அவள்தான். ஜெர்மன் அரசாங்கம் தியாகராசாவுடன் எதைக் கதைத்தாலும் அவள் வாய் வழியாகத்தான் கதைக்கும். ஆனால் இது எங்கள் பண்பாட்டு விடயம். இதில் அவளுடைய அபிப்பிராயம் தேவைப்படவில்லை.

தியாகராசா புத்தகத்தை விரித்தார். "யூட்சன், உந்தக் கோயிலைப் பாரும். படி படியாப் போகுது. உச்சியில பிள்ளையை இருத்தினா கடைசி வரிசைக்கும் தெரியும்."

"ரெஜிபோம் அட்டையில வெட்டலாம் அண்ணை, பாரமிராது. பதினெட்டுப் படி வைக்கலாம்," என்றான் யூட்சன்.

"அப்பா," என்றாள் தேனுஜா. அவள் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். "இதில மேல கூட்டிக்கொண்டு போய் ஆக்களைக் கொல்லுறது."

"ஆரை?"

"ஒரு ஆளைத் தெரிவுசெய்து, வடிவா உடுப்பாட்டி, நகை போட்டு, எல்லாரும் வந்து கும்பிட்டு, பேந்து மேல ஏத்துறது. ஏத்திப்போட்டுக் கொல்லுறது."

குணேஸ்வரி விளக்கம் அளித்தார். "அது அங்கத்தையான் வழக்கம். நாங்கள் கொல்லுறேல்லைத்தானே."

"படத்தைப் பாக்கத்தான் பிள்ளை உன்னட்டைத் தந்தனான், வாசிக்கச் சொல்லேல்லை," என்றார் தியாகராசா.

அடுத்த பக்கத்தில் கழுகு வடிவில் ஒரு கல்லுச் சட்டி இருந்தது. யூட்சனுக்கு அது பிடித்துப்போயிற்று.

"உது என்ன பிள்ளை, தண்ணி வைக்கிறதோ?"

"இதயம் போடுறது," என்றாள் தேனுஜா.

"சந்தனம் குழைச்சு வைக்க வடிவா இருக்கும்," என்றார் குணேஸ்வரி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நகைகள் மிக்ஸ்டெக் பாணியில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பொன் வேலையில் மிக்ஸ்டெக்குகளை அடிக்க ஆளில்லை என்று புத்தகம் சொல்கிறதாம். அஸ்டெக்குகள் போட்டு மினுக்கிய நகைகளில் நல்லவை பல மிக்ஸ்டெக் கைகள் செய்தவையாம். அதாவது வேலை ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு. யூட்சன் தன் தொழிலும் இதே முறையில்தான் நடக்கிறது என்று சொல்லிப் பெருமூச்சு விட்டான். கீழுதட்டைத் துளைத்துப் போடும் ஒரு பொன் பாம்பைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு எழுந்தது.

"துளைக்கத் தேவையில்லை. பசை போட்டு ஒட்டலாம்," என்றார் குணேஸ்வரி.

"ஒட்டினா வாயைத் திறக்கேலாது அம்மா," என்றாள் தேனுஜா.

"மூண்டு மணித்தியாலம் வாயைத் திறக்காட்டி என்ன?"

அடுத்த விடயம் விருந்தினர் பட்டியல். தியாகராசா தொண்டையைச் செருமினார். தேனுஜாவின் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் ஆசிரியையுடன் அழைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். முன்வரிசையில் வெள்ளைக்காரர் இருந்தால் வீடியோவுக்கு ஓர் எடுப்பு. ஞானப்பிரகாசத்தின் விழாவில் மொத்தம் மூன்று வெள்ளைக்காரர்தான். அதில் இருவர் பிள்ளையைத் தாமரையில் இருந்து இறக்க வந்த தீயணைப்புப் படையினர்.

அதுவரை நின்றுகொண்டிருந்த தேனுஜா தகப்பனுக்கு முன்னால் வந்து நிலத்தில் இருந்தாள்.

"வகுப்புக்கு வேண்டாம் அப்பா."

"ஏன் வேண்டாம்?"

"எங்கட சனத்துக்குச் சொல்லுறியள். சரி. அவையளுக்கு ஏன் சொல்லுறியள்? அவையளுக்கு உது விளங்காது. திங்கக்கிழமை நான் அவையளுக்கு நடுவில போய் இருக்க வேணும். ஒவ்வொரு நாளும் இருக்க வேணும்."

"இதில வெக்கப்பட என்ன கிடக்கு?" என்று நான் கேட்டேன். நூற்றுப் பதினேழு பிள்ளைகளும் வெட்கப்பட்டதாக என்னிடம் முறைப்பாடு செய்ததில்லை. நான் கேட்டதுமில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அப்பா, உங்கட கோயிலுக்கு ஓம். சட்டிக்கு ஓம். இறகுக்கு ஓம். உதட்டில ஒட்டுறதுக்கும் ஓம். எவ்வளவு நேரமெண்டாலும் இருக்கிறன், சிரிக்கிறன். வகுப்புக்கு மட்டும் கார்ட் குடுக்காதேங்கோ. எனக்கு அது ஒண்டு போதும்."

நல்ல பேரம். குளிர்களஞ்சியத்தில் தொழிற்சங்கத்துக்குக்கூட இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரியாது. தியாகராசா இளகிவிட்டார். அவள் தலையில் கையை வைத்து, "அம்மாளாணை, நான் குடுக்கமாட்டன் குஞ்சு," என்றார். அவள் எழுந்து போய், மேசையில் கிடந்த மின்சாரக் கட்டணக் கடிதத்தை வாசித்து அதற்குப் பதில் எழுதத் தொடங்கினாள்.

பிரதம விருந்தினராக யாரை அழைப்பது என்பதில் சிக்கல் இருக்கவில்லை. சுற்றுலாவன்று அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டிய டொக்டர் லிண்ட்னர் அம்மையார், முப்பது வருடமாக அஸ்டெக்குகளை ஆராய்பவர். அவர் வந்து மேடையைப் பார்த்து "சரி" என்று சொல்லிவிட்டால் ஞானப்பிரகாசம் அதன்பின் வாய் திறக்க முடியாது. தியாகராசா ஒன்றரை மணி நேரம் தமிழில் சொல்லச் சொல்ல, தேனுஜா ஜெர்மனில் எழுதினாள். "தொன்மை மிக்க இரு இனங்களின் கலைச் சங்கமம்" என்று தொடங்கி அவர் மூன்று பக்கத்துக்குச் சொன்னார். அவள் நான்கு வரியில் முடித்தாள். ஜெர்மன் எவ்வளவு சுருக்கமான மொழி என்று நாங்கள் வியந்தோம். பத்து நாளில் வருவதாகப் பதில் வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. விழா மலருக்கு "அஸ்டெக்குகள் தமிழரே" என்ற ஆய்வுக் கட்டுரையை எழுதினேன். அவர்களிடம் பாம்பு உண்டு. எங்களிடமும் பாம்பு உண்டு. அவர்கள் கோயில் கட்டினார்கள், நாங்களும் கட்டினோம். அவர்கள் சோளம் தின்றார்கள். கிடைத்தால் நாங்களும் தின்போம். இதை மறுத்து இன்றுவரை ஒரு கடிதமும் வரவில்லை.

இனி ஒரு முக்கியமான விடயம். தியாகராசா சத்தியம் தவறாத மனிதர். இதை எந்த நீதிமன்றத்திலும் ஏறிச் சொல்வேன். விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, வகுப்புக்கு நான் கார்ட் குடுக்கமாட்டன் எண்டு அம்மாளாணை சொன்னனான்."

"ஓம், நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

"நீங்கள் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"அது சரி. வேற என்ன அண்ணை, சுகமோ?" என்று கேட்டுவிட்டு, சுகத்தைச் சொல்லுமுன் வைத்துவிட்டார்.

குறிப்பறியத் தெரியாதவன் அறிவிப்பாளனாக இருக்க முடியாது. நான் அன்றே இருந்து, என் கைப்பட, ஜெர்மனில் ஒரு அழைப்பிதழ் எழுதினேன். என் ஜெர்மன் களஞ்சியத்து ஜெர்மன், சுற்றி வளைக்காது. என்ன விழா, பிள்ளைக்கு என்ன நடந்தது, எந்தத் திகதியில், விடிய எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் நடந்தது என்று ருதுசாதகக் குறிப்பைப் பார்த்து ஒன்றும் விடாமல் எழுதினேன். இருபத்தாறு பிரதி எடுத்து, எட்டாம் வகுப்பு ஆசிரியைக்கு, விழாவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை கிடைக்கக்கூடியதாகப் பார்த்துத் தபாலில் போட்டேன். வெள்ளி பிற்பகல்தான் வகுப்பில் கொடுப்பார்கள் என்பதும், வெள்ளி முழுக்கத் தேனுஜா மருதாணிக்காக வீட்டில் நிற்பாள் என்பதும் எனக்குத் தெரியும். திட்டமிடல் என்பது ஒரு கலை.

விழா நாள் வந்தது. யூட்சன் இரண்டு நாளாக நின்று மண்டபத்துக்குள் ஒரு கோயிலையே நிறுத்தியிருந்தான். பதினெட்டுப் படி. இரு பக்கமும் வாய் பிளந்த பாம்புத் தலை. உச்சியில் சிம்மாசனம், அதற்கு முன்னால் ஒரு குத்துக்கல்லு. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது, படத்தில் இருந்ததால் செய்தான். அதில் பிள்ளை காலை வைத்தால் சேலைக் கரை வடிவாக விழும் என்று குணேஸ்வரி கண்டுபிடித்தார். கழுகுச் சட்டி நிறையச் சந்தனம் வைத்தாயிற்று.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசல் கதவைத் தட்டினார்கள். ஆசிரியையும் பதினொரு பிள்ளைகளும். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு வருவது என்ற வழக்கம் இன்னும் சில இனங்களிடம் இருக்கிறது. மண்டபத்தில் அப்போது நானும் கதிரைகளும்தான் இருந்தோம். அவர்களை முன்வரிசையில் இருத்தி வடை கொடுத்தேன்.

"எத்தனை மணிக்குத் தொடங்கும்?" என்று ஆசிரியை கேட்டார்.

"பதினொரு மணிக்கு," என்றேன்.

ஒரு மணிக்கு அவர் மீண்டும் வந்தார். "இன்னும் பதினொரு மணி ஆகவில்லையா?"

"நெருங்கிக்கொண்டிருக்கிறது," என்று மேலும் வடை கொடுத்தேன்.

டொக்டர் லிண்ட்னர் அம்மையார் ஒரு குறிப்புப் புத்தகத்துடன் வந்தார். மேடையை நிமிர்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. வியப்பு என்று நான் குறித்துக்கொண்டேன். குத்துக்கல்லைக் காட்டி ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டு, சட்டிப் பக்கம் திரும்பினார்.

"இதில் என்ன வைக்கிறீர்கள்?"

"சந்தனம்."

"நல்லது," என்று மூச்சை விட்டார். பிறகு கைப்பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "எனக்கு வந்த அழைப்பு இதுதான். இதை எழுதிய பிள்ளையை நான் பார்க்கலாமா?"

தேனுஜாவின் எழுத்து. நான்கு வரி. "என் அப்பா என்னை ஓர் அஸ்டெக் கோயிலின் உச்சியில் ஏற்றப் போகிறார். அது என்ன இடம் என்று நான் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டேன். நீங்கள் பெரியவர், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். தயவுசெய்து வாருங்கள்."

"பிள்ளைக்கு வரலாற்றில் நல்ல ஆர்வம்," என்று சொல்லிக் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன். பிள்ளை அலங்கார அறையில் இருப்பதால் பார்க்க ஏலாது என்றும் சொன்னேன். அது உண்மை.

இரண்டரைக்கு மண்டபம் நிறைந்தது. பிரதம விருந்தினர் உரையுடன் விழா ஆரம்பமாயிற்று. அம்மையார் பத்து நிமிடம் பேசினார். அஸ்டெக்குகளிடம் இப்படி அலங்கரிக்கப்பட்டவர் தெய்வத்தின் உருவமாகவே நடத்தப்பட்டார் என்றார். பொன்னும் நீலப்பச்சைக் கல்லும் பூவும் இறகும் அணிந்து, ஊர் கும்பிட நடந்தார் என்றார். முடிவில் அவர் தாமாகவே படியேற வேண்டும் என்பதைத்தான் அந்த ஊர் முக்கியமாக நினைத்தது என்றார். "இந்தப் படிகள் எதற்கானவை என்று உங்கள் வீட்டிலேயே ஒருவருக்குத் தெரியும். அவரிடம் கேளுங்கள்," என்று முடித்தார்.

தமிழில் மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு. வழக்கமாக இப்படியான இடத்தில் தேனுஜாவைத்தான் கூப்பிடுவோம். அவள் உதட்டில் பாம்பு ஒட்டியிருந்தது.

"மேடை அலங்காரம் மிகச் சிறப்பாக அமைந்திருப்பதாகவும், இப்படியொரு கோயிலைத் தாம் எங்குமே கண்டதில்லை என்றும், தியாகராசா தம்பதியினரைப் பாராட்டுவதாகவும் டொக்டர் அம்மையார் கூறுகிறார்," என்றேன். கரகோஷம் வானைப் பிளந்தது. அம்மையார் சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதிரையில் போய் இருந்தார். அதன்பின் குறிப்புப் புத்தகத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பிறகு நான் குரலை ஒரு கட்டை ஏற்றி அறிவித்தேன். "இதோ, அஸ்டெக் இளவரசி தேனுஜா!"

நாதஸ்வரம் ஒலித்தது. அவள் வந்தாள். தலையில் மயிலிறகுக் கிரீடம். அவள் உயரத்தில் பாதி அது. நெஞ்சை மூடி இரண்டு தலைப் பாம்பு. காதில் சில்லுப் போல வட்டத் தோடு. கழுத்தில் மணி மணியாய்ப் பொன் பூச்சுப் பதக்கம். பாரம் தாங்காமல் கழுத்து கொஞ்சம் முன்னுக்கு வளைந்திருந்தது. சனம் எழுந்து நின்றது. அவள் தன் பேச்சைக் காப்பாற்றினாள். சொன்னபடி எல்லோருக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். பேரத்தில் தன் பக்கத்தை அவள் அணுவும் பிசகாமல் நிறைவேற்றினாள் என்பதை நான் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது படியில் யூட்சன் கையைக் காட்டினான். "இதில நிண்டு திரும்பிப் பாரும் தங்கச்சி. முன்வரிசையைப் பாத்துச் சிரியும்."

அவள் திரும்பினாள். முன்வரிசையைப் பார்த்தாள்.

பதினொரு பிள்ளைகளும் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள்; ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண்பிள்ளை கையை உயர்த்தி மெல்ல ஆட்டினாள். அந்தக் கையில் என் அழைப்பிதழ் இருந்தது. பக்கத்தில் இருந்த பெடியன் அதை வாசித்துவிட்டு மேலே பார்த்தான், மறுபடி வாசித்தான்.

தேனுஜா தகப்பனைத் தேடினாள். தியாகராசா மேடையின் மறுபக்கத்தில் நின்று, தான் ஒன்றும் கொடுக்கவில்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவளால் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க முடியவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. அழுதபடியே திரும்பி, ஒருவரும் பிடிக்காமல், ஒருவரும் தள்ளாமல், மிச்சம் பதினைந்து படியையும் தானாகவே ஏறினாள். உச்சியில் போய் இருந்தாள். காலைக் குத்துக்கல்லில் வைத்தாள். தாய் சொன்னது போலச் சேலைக் கரை வடிவாகத்தான் விழுந்தது.

"ஆனந்தக் கண்ணீர்," என்று அறிவித்தேன். கைதட்டினார்கள்.

வெட்கம் எனக்குப் பிறகுதான் வந்தது. அந்த நேரம் ஒலிவாங்கியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்து டொக்டர் லிண்ட்னர் அம்மையார் என் பக்கம் சாய்ந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று பார்த்தேன். அவர் பாடம் சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னார்.

"அவர்களுடைய ஒரு திருவிழாவில் அலங்கரித்துக் கூட்டிப்போவது ஒரு பெண்ணை. அவள் அழுதுவிடக் கூடாது என்று கூடவே ஆட்கள் இருந்து சிரிப்புக் காட்டுவார்களாம். அழுதால் ஊருக்கே கேடு என்று பயந்தார்களாம்."

நான் அதற்கு என்ன சொல்வது என்று யோசிக்குமுன் யூட்சன் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணை, அழுகை அந்தமாதிரி வந்தது. ஆனா லைற் பின்னால நிண்டிட்டுது, முகம் விழேல்லை. இன்னொருக்கா எடுத்தா நல்லது."

தியாகராசா எட்ட நின்றபடியே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். "தேனுஜாக் குஞ்சு, ஒருக்கா கீழ இறங்கி, அதே மாதிரி அழுதுகொண்டு திரும்ப ஏறுமம்மா," என்று எட்டு ஒலிபெருக்கியிலும் சொன்னேன். அவள் இறங்கினாள். முன்வரிசையைப் பார்த்தாள். ஏறினாள். இந்த முறை வெளிச்சம் சரியாக இருந்தது.

மனிதரைப் பலியிட்ட காட்டுமிராண்டிகள் என்று உலகம் ஐந்நூறு வருடமாக அஸ்டெக்குகளை ஏசிக்கொண்டிருக்கிறது. அவர்கள் ஒருவரை ஒரு தரந்தான் படியேற்றினார்கள்.